செங்கல்பட்டு கேட்ட கேள்வியும் மூக்குவழித் தடுப்பு மருந்தும்

(பள்ளிக்கரணையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காசநோய்க்கு மூக்கு வழியாகத் தரும் தடுப்பு மருந்து, அதற்கு வலுவூட்டும் நானோ துகள்கள் ஆகியவை பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். நெடுங்காலம் மார்புநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இந்தப் பொருளை மிச்சிகனிலோ லண்டனிலோ தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இங்கிருந்து மேடவாக்கம், சேலையூர் வழியாகப் போனால் வந்துவிடுகிற தாம்பரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நோயாளி விடுதியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ரயில் நிலையம் அங்கே இருக்கிறது. சானடோரியம் என்று சொல்லி நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள்.

அந்தச் சானடோரியத்தை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்திவந்தார். கணிதமேதை ராமானுஜன் 1914-இல் சென்னையிலிருந்து கப்பலேறியபோது இவரும் உடன் பயணம் செய்தார். 1917-இல் ராமானுஜன் நோயுற்றபோது சௌரிமுத்துவின் மெண்டிப் விடுதியில் தங்கி மருத்துவம் பார்த்துக்கொண்டார். காசநோய் என்று அன்று கருதப்பட்ட அந்த நோய், கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கக்கூடும் என்று பின்னாளில் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, இவ்வளவுதான் மருத்துவரின் கையில் இருந்தவை. அதனால்தான் ஊருக்கு வெளியே, பச்சைமலையை ஒட்டிய இடத்தைத் தேர்ந்தார் சௌரிமுத்து. 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

மருந்து வந்தபின் என்ன நடந்தது என்பதற்கும் சென்னைதான் சாட்சி. 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே. அந்த மையத்தார் நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியை நெரிசலான அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டு அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்கள் எல்லாம் அந்த முடிவின் மேல் எழுந்தவை. படுக்கை இல்லாமலேயே கோடிக்கணக்கானோருக்குச் சிகிச்சை தரலாம் என்று உலகத்துக்குச் சொன்னது நம் ஊர்.

நம் ஊர் சொன்ன இரண்டாவது விடை அவ்வளவு இனிப்பானதாக இல்லை. இன்றைய பேச்சுக்கு வேண்டியது அதுதான்.

கிண்டியில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பு மருந்துக் கூடம் 1948-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நாடெங்கும் ஊசி போடும் இயக்கம் நடந்தது. ராஜாஜி 1955 வாக்கில் அதை வெளிப்படையாக எதிர்த்தார். ‘போதிய ஆதாரம் இல்லாமல் குழந்தைகள் அத்தனை பேருக்கும் போடலாமா’ என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. அவர்கள் சொன்ன காரணங்கள் பலவற்றை நான் ஏற்கமாட்டேன். ஆதாரம் கேட்டது மட்டும் சரி என்பேன். அந்த ஆதாரத்தைத் தேடித்தான் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில், பெரும் கள ஆய்வு தொடங்கியது. சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குப் பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. உலகில் எந்தத் தடுப்பு மருந்துக்கும் அதுவரை இவ்வளவு பெரிய அளவில் இப்படிச் சோதனை நடந்தது அரிது.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவை 1979-இல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கை 1999-இல் வெளியிட்டபோதும் அதே விடைதான். இங்கிலாந்தின் பள்ளி மாணவர்களிடம் முக்கால் பங்குக்கு மேல் காப்பளித்த அதே பிசிஜி, இங்கே கைவிட்டது. கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானது. அதனால்தான் பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் இருமி இருமி நோயைப் பரப்புகிறவர்கள் பெரியவர்கள். அவர்களைக் காக்கும் மருந்து கையில் இல்லை. 2023-ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயால் புதிதாகப் பாதிக்கப்பட்டார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர்.

பிசிஜி இங்கே ஏன் தோற்றது? முதல் விளக்கம் மண்ணையும் நீரையும் பற்றியது. காசநோய்க் கிருமிக்கு உறவான, பெரும்பாலும் தீங்கு செய்யாத மைக்கோபாக்டீரியங்கள் குளத்திலும் வயலிலும் சேற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்கின்றன. வெப்பமான நம் பகுதிகளில் மனிதர்கள் சிறு வயதிலிருந்தே அவற்றோடு பழகிவிடுகிறார்கள். உடல் ஏற்கெனவே ஓரளவு பாடம் படித்திருப்பதால் பிசிஜி புதிதாகக் கற்றுத்தருவது குறைவு என்கிறார்கள் ஒரு சாரார். அந்தப் பழைய எதிர்ப்பாற்றல், உயிருள்ள பிசிஜி உடலில் பெருகுமுன்பே அதை அழித்துவிடுகிறது என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு.

இரண்டாவது விளக்கம் இடத்தைப் பற்றியது. ஊசி தோலில் போடப்படுகிறது. கிருமியோ மூச்சோடு வருகிறது. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகளில் சில மைக்ரான் அளவே உள்ளவை நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்ச் சேர்கின்றன. அங்கே காவலிருக்கும் விழுங்கணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. ஆனால் அதைக் கொல்ல முடியாமல் அதற்கே குடியிருப்பாகிவிடுகின்றன. காசநோய்க் கிருமியின் மிகப் பெரிய சாமர்த்தியம், தான் வந்த செய்தியைத் தாமதப்படுத்துவது. எலிகளில் பார்த்தால், கிருமி நுழைந்த பிறகு அதை அடையாளம் கண்ட டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் நுரையீரலுக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகிறது. மனிதர்களில் டியூபர்குலின் தோல் சோதனை தொற்றைக் காட்டவே 2 முதல் 8 வாரம் பிடிக்கிறது. கையில் போட்ட பிசிஜி உருவாக்கும் நினைவு செல்கள் பெரும்பாலும் இரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் சுற்றுகின்றன. ஊர்க்கோடியில் காவல் போட்டுவிட்டு வீட்டுக் கதவைத் திறந்துவைத்தது போன்ற நிலை. நமக்கு வேண்டியவை நுரையீரல் திசுவுக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கியிருந்து, கிருமி வந்த சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கும் டி செல்கள். அப்படிப்பட்ட தங்கும் நினைவு செல்களை உண்டாக்க, மருந்தையும் மூச்சுப்பாதையிலேயே கொடுக்க வேண்டும் என்பதுதான் மூக்குவழி மருந்தின் அடிப்படை.

குரங்குகளில் இதற்கு வலுவான சான்று கிடைத்திருக்கிறது. பிசிஜியைத் தோலில் போடாமல் நேரே நுரையீரலுக்குள் செலுத்தியபோது தொற்றையே தடுக்க முடிந்தது என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. மறு ஆண்டு வேறொரு குழு இரத்தக்குழாய் வழியாகப் பிசிஜி கொடுத்தது. பத்துக் குரங்குகளில் ஒன்பது காக்கப்பட்டன. ஆறில் கிருமியின் தடயமே இல்லை. இரண்டிலும் மருந்து புதிதல்ல. நூறாண்டுப் பழைய பிசிஜிதான். மாறியது வழி மட்டும். முதன்முதலில் 1921-இல் பாரிஸில் ஒரு குழந்தைக்குப் பிசிஜி கொடுத்தபோதுகூட அது ஊசியாகத் தரப்படவில்லை, வாய்வழியாகவே புகட்டப்பட்டது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நோய்க்கிருமி கலந்துவிட்ட மருந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அந்தத் துயரமும் பிற காரணங்களும் சேர்ந்து, காலப்போக்கில் தோலில் போடுவதே வழக்கமாகிவிட்டது.

ஆனால் மனிதரின் நுரையீரலிலோ மூக்கிலோ உயிருள்ள பிசிஜியைச் செலுத்துவது எளிதல்ல. எச்ஐவி போன்ற நோயால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1990-களில் தாம்பரம் மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டு கவனித்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே உயிருள்ள கிருமி வேண்டாம். கிருமியின் இரண்டு மூன்று புரதங்கள் போதும் என்று பலர் முடிவுசெய்கிறார்கள். அங்கேதான் சிக்கல். வெறும் புரதத்தை மூக்கில் விட்டால் உடல் அதைக் கண்டுகொள்வதில்லை. நாள் முழுக்க தூசியும் மகரந்தமும் சமையல் புகையும் நுழையும் பாதை அது. எல்லாவற்றுக்கும் சினந்தால் மனிதன் மூச்சுவிட முடியாது. போதாததற்கு, சளிப்படலம் உள்ளே விழுந்ததைக் கால் மணி நேரத்துக்குள் தொண்டைக்குத் தள்ளி விழுங்க வைத்துவிடும்.

புரதத்தைக் கவனிக்க வைக்கத் துணைக்கு ஒன்று சேர்க்க வேண்டும். அதைத்தான் அட்ஜுவன்ட், துணையூக்கி என்கிறோம். இதன் தொடக்கம் 1925-இல் பாரிஸ் அருகே, கஸ்தோன் ராமோன் என்பவரின் குதிரை லாயத்தில். தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்மருந்து எடுக்கக் குதிரைகளுக்கு ஊசி போட்டுவந்தார் அவர். ஊசி போட்ட இடம் வீங்கிப் புண்ணான குதிரைகளிடம் அதிக எதிர்மருந்து சுரந்ததைக் கவனித்தார். உடனே வேண்டுமென்றே மருந்தோடு மரவள்ளி மாவைக் கலந்து பார்த்தார். பலன் கூடியது. சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசி செய்யும் அதே மரவள்ளி! அடுத்த ஆண்டு படிகார உப்பு வந்தது. இன்றுவரை பல தடுப்பூசிகளில் அலுமினிய உப்புதான் துணையூக்கி. இங்கே கோவேக்சின் போட்டுக்கொண்டவர்கள் இருப்பீர்கள். அதில் அலுமினிய உப்போடு, உடலின் எச்சரிக்கை உணரிகளைத் தூண்டும் ஒரு சிறு மூலக்கூறும் ஒட்டப்பட்டிருந்தது.

மூக்குவழி மருந்தில் துணையூக்கியாக வரும் நானோ துகள் மூன்று வேலைகளைச் செய்கிறது. புரதம் சிதையாமல் காக்கிறது. வைரஸ் அளவிலேயே இருப்பதால் நோயெதிர்ப்பு செல்கள் அதை விழுங்க வைக்கிறது. சளிப்படலத்தில் ஒட்டி நின்று காலத்தை நீட்டிக்கிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இதற்குப் பெயர்போனது. அதன் நேர்மின்னூட்டம் சளியின் எதிர்மின்னூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். செல்களுக்கு இடையிலான இறுக்கத்தையும் சற்றே தளர்த்தும். இறால் ஓட்டிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் முறையைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்திருக்கிறது. லண்டன் செயின்ட் ஜார்ஜ்ஸில் ராய்கோ ரெல்ஜிச்சின் குழு, பிரேசில் நாட்டுப் பனையொன்றின் இலை மெழுகில் செய்த துகள்களின் மேல் காசநோய்க் கிருமியின் புரதங்களை ஏற்றியது. ஏற்கெனவே பிசிஜி போட்ட எலிகளின் மூக்கில் அதைக் கொடுத்தபோது நுரையீரலில் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்ததாக 2018-இல் எழுதினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேக்கர் வளர்த்தெடுத்த முறையில் சோயா எண்ணெயை நீரில் நானோ அளவுத் துளிகளாக்கி, அதில் புரதத்தைக் கலக்கிறார்கள். அதை மூக்கில் பெற்ற எலிகளில், சளிச்சவ்வுக் காவலுக்கு முக்கியமான ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் பொருள் சுரப்பதும், காசநோய்க் கிருமிக்கு எதிராகக் காப்பு கிடைப்பதும் 2017-இல் வெளியானது.

நம்பிக்கை தரும் செய்திகள்தான். ஆனாலும் மாணவர்களே, ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நின்று படியுங்கள். எத்தனை மைக்ரோலிட்டர் விட்டார்கள்? எலி மயக்கத்தில் இருந்ததா? மயக்கத்திலிருக்கும் எலியின் மூக்கில் ஐம்பது மைக்ரோலிட்டர் விட்டால் அதில் பெரும்பங்கு மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும். அப்போது அது பெயரளவில் மூக்குவழி, உண்மையில் நுரையீரல்வழி. மனிதன் மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் அது மூக்கிலேயே நிற்கும், அல்லது தொண்டைக்கு வரும். நுரையீரலை எட்டாது. மூக்கை ஒட்டிய நோயெதிர்ப்புத் திசுவும் எலியில் ஒரு வகை, மனிதனில் தொண்டையைச் சுற்றி டான்சில்களாக வேறொரு வகை. எலியில் கண்ட வெற்றி மனிதனில் ஏன் கரைந்துபோகிறது என்பதற்கு இது ஒரு பெருங்காரணம் என்பது என் உறுதியான கருத்து. இதைக் கட்டுரைகளின் சுருக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மங்களகுமாரி ஜெயநாதனும் சோ ஷிங் குழுவினரும், காசநோய்ப் புரதத்தைச் சுமக்கும் அடினோ வைரஸ் மருந்தை நெபுலைசர் மூலம் நுண்பனியாக்கி மனிதர்களை உள்ளிழுக்கச் செய்தார்கள். அதே மருந்தைத் தசையில் ஊசியாகப் பெற்றவர்களின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தபோது தங்கும் டி செல்கள் போதிய அளவில் இல்லை. உள்ளிழுத்தவர்களிடம் இருந்தன, அதுவும் குறைந்த அளவு மருந்தில். 2022-இல் வெளிவந்த அந்த முடிவு, இந்தத் துறையில் எனக்கு மிகுந்த தெம்பைத் தந்த ஒன்று. நானோ துகள் மருந்துகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் மூக்குவழி ஃப்ளூ மருந்து ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் துணையூக்கி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சுப்பொருள். போட்டுக்கொண்ட 10,000 பேரில் கூடுதலாக 13 பேர் அளவில் முகவாதம் கண்டது. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நச்சை மரபணு மாற்றத்தால் முறித்து, எச்ஐவி, காசநோய்த் தடுப்பு மருந்துகளில் துணையூக்கியாக மூக்கில் கொடுத்துப் பார்த்த சிறு சோதனைகளிலும் தன்னார்வலர் இருவருக்கு முகவாதம் வந்து பின்னர் குணமானது. மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்புகள் மூளைக்கு அடுத்த வீட்டில் இருப்பவை. ஆகவே கைட்டோசானோ மெழுகோ எண்ணெய்த் துளியோ, எத்தனை எளிய பொருளாக இருந்தாலும், மூக்கில் விட்டபின் மாதக்கணக்கில் கண்காணிக்காமல் அதைப் பாதுகாப்பானது என்று யாரும் சொல்லக்கூடாது.

தயாரிக்கும் திறன் நம் நாட்டில் இருக்கிறது. பாரத் பயோடெக்கின் இன்கோவேக் என்ற மூக்குவழிக் கொரோனா மருந்து 2022-இல் அனுமதி பெற்று 2023 ஜனவரி 26 அன்று வெளிவந்தது. புனேயின் சீரம் நிறுவனம் 2010-லேயே பன்றிக்காய்ச்சலுக்கு மூக்குவழி மருந்து செய்தது. காசநோய்க்கோ ஊசிவழியில் ஒரு தடுப்பு மருந்து முன்னே போய்க்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகளில் சோதித்த எம்72 என்ற மருந்து, ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களில் மூன்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ பாதி நோயைத் தடுத்தது. அதன் பெரும் சோதனை 2024-இல் தொடங்கியது. மூக்குவழி மருந்து அதற்குப் போட்டியாக வரத் தேவையில்லை. ஊசி கொடுத்த காப்பை நுரையீரலுக்குள் இழுத்துவரும் இரண்டாம் தவணையாக வந்தாலே போதும்.

ஆனால் அதை எங்கே, யாரிடம் சோதிப்பது? பெரியவர்களில் பலருக்கு ஏற்கெனவே தொற்று இருக்கிற, மண்ணிலும் நீரிலும் உறவுக்கிருமிகளோடு பழகிய ஓர் ஊரில்தான். பத்தாண்டுக்கும் முந்தைய ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது தெரியவந்தது. இன்னொரு பங்கினர் அதன் விளிம்பில் இருந்தார்கள். சர்க்கரை நோயாளியிடம் வேலை செய்யாத மருந்து நமக்கு எதற்கு? எலிகளிடம் பாராட்டுப் பெற்ற எம்விஏ85ஏ என்ற மருந்து தென்னாப்பிரிக்காவின் 2,797 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது பயன் தரவில்லை என்பது 2013-இல் வெளியானது. செங்கல்பட்டை மறந்துவிட்டு வேறெங்கோ சோதித்த மருந்தை இங்கே கொண்டுவந்து இறக்கினால் 1979 திரும்பவும் நடக்கும். சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதன் களப்பணியாளர்களுக்கும் இதற்கான அனுபவம் இருக்கிறது. காசநோயாளி வீட்டாரிடையே இரண்டு தடுப்பு மருந்துகளை 12,000 பேரிடம் சோதிக்கும் ஐசிஎம்ஆரின் ஆய்வு 2019-இல் தொடங்கியதே அதற்குச் சான்று.

மருந்து வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு, சத்துமாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. எந்தத் தடுப்பு மருந்தையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் நான் எடைபோடுவேன். சௌரிமுத்து சத்துணவை வலியுறுத்தியது வீண்போகவில்லை. நம் மாநிலத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022 முதல், நோய் கண்டறிந்த அன்றே எடை, மூச்சு, நிற்கும் வலு ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒரே அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீடுகளில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதைச் சொல்ல மருத்துவர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களின் காலத்தில் இப்படியொரு மருந்தின் சோதனைக்கு ஆள் கேட்டுக் களப்பணியாளர் உங்கள் தெருவுக்கு வரக்கூடும். வந்தால் கதவைச் சாத்தாதீர்கள், கேள்வி கேளுங்கள். சொட்டு மூக்கோடு நிற்குமா, நுரையீரலை எட்டுமா? எட்டியதை எப்படி அளந்தார்கள்? இதன் துணையூக்கி மூக்கில் எத்தனை நாள் தங்கும்? முகத்தில் ஒரு பக்கம் இழுத்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது? சர்க்கரை உள்ள என் அம்மாவைச் சேர்ப்பீர்களா, விலக்குவீர்களா? முடிவு வந்தபின், அது நல்லதோ கெட்டதோ, இதே தெருவில் தமிழில் வந்து சொல்வீர்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தருகிறவர்களின் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.